பணிப்பாய்வு நிரலகங்கள்: எடுத்தாள்வதும் பங்களிப்பதும்

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுதான்: செம்பனை. ஜொகூரில் இருப்பவருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த மரத்துக்கும் கணினிக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ராஜிந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒன்று செம்பனையின் முழு மரபணுத்தொகையைப் பற்றியது. மற்றது கொட்டை ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் ‘ஷெல்’ என்ற மரபணுவைப் பற்றியது. தடித்த ஓடு கொண்டது டூரா, ஓடே இல்லாதது பிசிஃபெரா, இரண்டையும் கலந்து எடுப்பது மெல்லிய ஓடுள்ள டெனெரா. டூராவைவிட டெனெரா ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் தருகிறது. தோட்டங்களில் நடுவது டெனெராதான். கன்றைப் பார்த்து அது எந்த வகை என்று சொல்ல முடியாது. காய் காய்த்து, அதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். இலையில் டிஎன்ஏ எடுத்து ஷெல் மரபணுவைப் படித்தால் நாற்றங்காலிலேயே தெரிந்துவிடும். வாரியத்தின் ஆய்வு நிலையம் ஒன்று குளுவாங்கில் இருக்கிறது. ஸ்கூடாய் பல்கலைக்கழகத்து உயிரியல் மாணவருக்கு இது ஒன்றும் தூரத்து விஷயமல்ல.

ஆய்வகத் தட்டு ஒன்றில் 96 குழிகள். 96 கன்றுகளின் டிஎன்ஏ வரிசைகள் கோப்புகளாக வந்துசேர்கின்றன. ஒவ்வொன்றையும் மூன்று நிரல்களில் ஓட்ட வேண்டும். பிடபிள்யூஏ அதை மூல மரபணுத்தொகையோடு பொருத்தும். சாம்டூல்ஸ் அடுக்கித் தரும். பிசிஎஃப்டூல்ஸ் எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லும். ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி இதை முடித்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். “அண்ணே, என் லேப்டாப்புல ஓடுது, சர்வர்ல போட்டா ஓடலயே” என்ற புலம்பலும் அங்கேதான் தொடங்குகிறது. சர்வரில் சாம்டூல்ஸ் வேறு பதிப்பாக இருக்கும், அல்லது கோப்புறைப் பாதை வேறாக இருக்கும். இந்த நிரலுக்கு என்ன உள்ளே போக வேண்டும், என்ன வெளியே வரும், எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம் என்பதை எல்லாம் கணினியைச் சாராமல் எழுதிவைக்கும் முறைதான் பணிப்பாய்வு மொழி.

எந்த மொழி?

நான்கு பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: ஸ்னேக்மேக், நெக்ஸ்ட்ஃபுளோ, டபிள்யூடிஎல், சிடபிள்யூஎல். உங்கள் ஆய்வகம் ஏற்கெனவே நெக்ஸ்ட்ஃபுளோவில் ஊறியிருந்தால் அதிலேயே இருங்கள். மேற்பார்வையாளருக்குத் தெரியாத மொழியில் ஆய்வேட்டுக்கான வேலையைச் செய்வது தேவையில்லாத தலைவலி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, அதிலும் ஒருநாள் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் உள்ளவருக்கு, நான் சிடபிள்யூஎல்லைச் சொல்வேன்.

அது முதலில் ஒரு தரநிலை, அப்புறம்தான் மென்பொருள். 2014 ஜூலையில் பாஸ்டனில் உயிர்த்தகவலியல் நிரலாளர்கள் கூடிய ஒரு கோட்ஃபெஸ்டில் பீட்டர் ஆம்ஸ்டட்ஸ், ஜான் சில்டன், நெபோய்ஷா டியானிச், மைக்கேல் குரூசோ ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். 1.0 பதிப்பு 2016இல் வந்தது, 1.2 பதிப்பு 2020இல். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. ‘சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி’ என்ற லாபநோக்கற்ற அமைப்பின் குடைக்கீழ் நடக்கிறது. ஒரே கோப்பை சிடபிள்யூஎல்-டூலில் ஓட்டலாம், கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த டாயிலில் ஓட்டலாம், ஆர்வாடோஸில் ஓட்டலாம், செர்ன் ஆய்வகத்தின் ரியானாவிலும் ஓட்டலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மரபணுத் தரவுக் களஞ்சியம் தன் பணிப்பாய்வுகளை இதில்தான் எழுதியிருக்கிறது. குறையையும் சொல்லிவிடுகிறேன்: வளவளவென்று எழுத வைக்கும் மொழி இது. ஸ்னேக்மேக்கில் நாலு வரியில் முடிவதற்கு இங்கே அரைப்பக்கம் ஆகும். அந்த அரைப்பக்கத்தை மனிதர் மட்டுமல்ல, வேறொரு நிரலும் ஐயமின்றிப் படிக்க முடியும் என்பதுதான் கைம்மாறு. இந்தக் கோப்புகளைப் படிக்கவும் ஓட்டவும் உதவும் நிரலகங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

நிறுவுவது

இந்நூலில் கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறோம். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். விருப்பம் என்று சொல்லும் இடங்களில் பெயருக்கு முன்னால் இரண்டு சிறுகோடு.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் முதலில் டபிள்யூஎஸ்எல் 2 போட்டு, அதனுள் உபுண்டு போடுங்கள். நேரடியாக விண்டோஸில் முயன்று நேரத்தைக் கரைக்க வேண்டாம். பிறகு பைத்தானில் தனியாக ஒரு மெய்நிகர் சூழல் உருவாக்கி, அதற்குள் பிப் வழியாக சிடபிள்யூஎல்-டூல், சிடபிள்யூஎல்-யூடில்ஸ் இரண்டையும் நிறுவுங்கள். முன்னது கோப்பை ஓட்டும். பின்னது கோப்பைப் பைத்தானிலிருந்து படிக்கவும் எழுதவும் உதவும். கருவிகளைக் கலனுக்குள் (கன்டெய்னர்) வைத்து ஓட்டும் டாக்கரும் வேண்டும். கோப்புகளில் ஜாவாஸ்கிரிப்ட் கோவைகள் இருந்தால் நோட் ஜேஎஸ்ஸும் வேண்டும். நிறுவிய பதிப்பெண்களை ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். சிடபிள்யூஎல்-டூலின் பதிப்பெண்ணில் கடைசியாக வரும் நீண்ட எண் வேறொன்றுமில்லை, அந்த வெளியீட்டின் தேதியும் நேரமும்தான். வழுவைத் தெரிவிக்கும்போது முதலில் கேட்கப்படுவதும் அந்த எண்தான்.

முதல் கோப்பில் இடறும் இடங்கள்

கோப்பு யாமெல் வடிவில் இருக்கும். டேப் விசையை அழுத்தாதீர்கள், இடைவெளி மட்டும். முதல் வரியில் மொழியின் பதிப்பு, அடுத்து இது தனிக் கருவியா பணிப்பாய்வா என்ற வகை, பிறகு அடிப்படைக் கட்டளை, உள்ளீடுகள், வெளியீடுகள். எழுதியதும் ‘வேலிடேட்’ விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். கோப்பு முறையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். ‘மேக்-டெம்ப்ளேட்’ விருப்பம் நீங்கள் நிரப்ப வேண்டிய உள்ளீட்டுக் கோப்பின் மாதிரியைத் தானே அச்சிட்டுத் தரும். இந்த இரண்டையும் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். மீதிப் பாதிதான் இங்கே.

அடிப்படைக் கட்டளையில் பிடபிள்யூஏ மெம் என்று இரு சொற்களை ஒரே சரமாக எழுதினால் ஓடாது. அப்படியொரு பெயரில், நடுவில் இடைவெளியோடு, ஒரு நிரல் இருப்பதாக நினைத்து அதைத் தேடும். இரண்டையும் பட்டியலின் இரு உறுப்புகளாகத் தர வேண்டும். உள்ளீட்டுக் கோப்பிலும் இதே கறார்தான். கோப்பு என்று அறிவித்த இடத்தில் வெறும் பாதையை எழுதினால் ஏற்காது. ‘கிளாஸ்’ என்பது ‘ஃபைல்’, ‘பாத்’ என்பது இன்னது என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது பெரிய இடறல். பிடபிள்யூஏவுக்கு மூல மரபணுத்தொகைக் கோப்பு மட்டும் போதாது. அதன் பக்கத்திலேயே ஐந்து சுட்டுக் கோப்புகளும் இருக்க வேண்டும். உங்கள் கோப்புறையில் ஆறும் பக்கம்பக்கமாக இருக்கும். ஆனால் சிடபிள்யூஎல் ஓட்டி ஒவ்வொரு உள்ளீட்டையும் தனித்தனி இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. நீங்கள் பெயர் சொன்ன கோப்பு மட்டும் போகும்; சொல்லாத ஐந்தும் போகாது. ‘கோப்பைக் காணோம்’ என்று பிழை வரும். நீங்களோ கோப்புறையைத் திறந்து “இதோ இருக்கிறதே” என்று திரையோடு வாதாடிக்கொண்டிருப்பீர்கள். ‘செகண்டரி ஃபைல்ஸ்’ என்ற புலத்தில் அந்த ஐந்து பின்னொட்டுகளையும் எழுதினால் தீர்ந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. சாம்டூல்ஸின் சுட்டாக்கும் கட்டளை உள்ளீட்டுக் கோப்பின் பக்கத்திலேயே புதுக் கோப்பை எழுதப் பார்க்கும். சிடபிள்யூஎல்லில் உள்ளீடுகள் படிக்க மட்டுமே. எழுத வெளியீட்டுக் கோப்புறை தனியாக இருக்கிறது. ‘இனிஷியல் வொர்க் டிர் ரெக்வையர்மென்ட்’ என்ற தேவையை அறிவித்து உள்ளீட்டை வேலைக் கோப்புறைக்குள் வரவழைத்துக்கொள்ள வேண்டும். முதல்முறை பார்க்கிறவருக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றும். எந்தக் கருவி எதைத் தொடுகிறது என்று தெரிந்தால்தான் 96 மாதிரிகளை ஒரே நேரத்தில் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓட்ட முடியும். கெடுபிடிக்குக் காரணம் அதுதான்.

பதிப்பு மாறும்போது மாறும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1.1 முதல், கலனுக்குள் ஓடும் கருவிக்கு இணையத் தொடர்பு தானாகக் கிடைக்காது. ‘நெட்வொர்க் ஆக்சஸ்’ என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய 1.0 கோப்பைத் தலைவரியை மட்டும் மாற்றிப் புதிதாக்கியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். நினைவகத்தின் இயல்பு அளவும் 1,024 மெபிபைட்டிலிருந்து 256 ஆகக் குறைந்தது. சிடபிள்யூஎல்-டூல் அந்த அளவைக் கண்டிப்பாகப் பிடிப்பதில்லை, அதனால் மடிக்கணினியில் எதுவும் தெரியாது. கண்டிப்பான ஓட்டியில் போட்டால் பிடபிள்யூஏ பாதியில் செத்துவிழும். எனவே ‘ரிசோர்ஸ் ரெக்வையர்மென்ட்’டை எப்போதும் நீங்களே எழுதுங்கள். செம்பனையின் மரபணுத்தொகை 180 கோடி எழுத்துகள் கொண்டது, 256இல் அடங்காது.

கற்றுக்கொள்ள முழு மரபணுத்தொகையும் வேண்டியதில்லை. பொதுக் களஞ்சியத்திலிருந்து ஷெல் மரபணு இருக்கும் சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்து அதில் பழகுங்கள். ஓட்டம் சில நொடிகளில் முடியும். இந்தச் சிறு துண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதைப் பங்களிப்புப் பகுதியில் பார்ப்போம். கருவிகளின் கலன் படிமங்களை பயோகன்டெய்னர்ஸ் திட்டம் ஆயத்தமாக வைத்திருக்கிறது. நீங்களே கட்ட வேண்டாம். படிமத்தின் பெயரோடு பதிப்பையும் எழுதுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதுவது ஆய்வேட்டை முடிக்கும் ஆண்டில் உங்களையே தண்டிக்கும்.

மூன்று கருவிகளும் தனித்தனியே ஓடிய பிறகே பணிப்பாய்வாகக் கோத்துக்கொள்ளுங்கள். 96 மாதிரிகளுக்கும் ஓட்ட ‘ஸ்கேட்டர்’ இருக்கிறது. ‘கேஷ்டிர்’ விருப்பம் முடிந்த படிகளை நினைவில் வைத்துக்கொள்வதால், மூன்றாம் படியில் பிழை வந்தாலும் முதல் இரண்டை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை.

பைத்தானிலிருந்து தொடுவது

ஆய்வகத்தில் நாற்பது கருவிக் கோப்புகள் சேர்ந்துவிட்டன, எல்லாவற்றிலும் சாம்டூல்ஸ் படிமத்தின் பதிப்பை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். தேடி மாற்றும் கட்டளையை நம்பாதீர்கள். யாமெல் கோப்பில் ஒரே விஷயத்தைப் பலவகையாக எழுதலாம். ஏதாவது ஒன்று தப்பிவிடும். இதற்குத்தான் சிடபிள்யூஎல்-யூடில்ஸ். அதன் பாகுபடுத்தியிடம் கோப்பைக் கொடுத்தால் பைத்தான் பொருளாகத் திருப்பித் தரும். நீங்கள் தேவைகளின் பட்டியலில் டாக்கர் தேவையைக் கண்டுபிடித்து, மதிப்பை மாற்றி, சேமிக்கும் செயற்கூற்றிடம் ஒப்படைத்தால் முடிந்தது. கோப்பு எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பார்த்து அதற்குரிய பாகுபடுத்தியை அதுவே தேர்ந்துகொள்ளும்.

பொருளைக் கையில் எடுத்ததும் சில வியப்புகள். நீங்கள் அகராதி வடிவில் எழுதிய உள்ளீடுகள் பட்டியலாக மாறியிருக்கும். ‘ரீட்ஸ்’ என்று எழுதிய சிறுபெயர், கோப்பின் முழு முகவரியோடு நீண்ட இணைப்பாக நிற்கும். கேள்விக்குறி போட்டு ‘இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி’ என்று நீங்கள் குறித்த வகை, ‘நல்’லும் ‘ஃபைல்’லும் கொண்ட இரட்டைப் பட்டியலாகியிருக்கும். பைத்தானில் ‘இன்’ ஒதுக்கப்பட்ட சொல் என்பதால் பணிப்பாய்வுப் படியின் அந்தப் புலத்துக்கு வாலில் ஓர் அடிக்கோடு சேர்ந்திருக்கும். எதுவும் வழுவல்ல. மனிதர் வசதிக்கான சுருக்கெழுத்தை எல்லாம் விரித்து, நிரல் வசதிக்கான ஒரே வடிவாக்கும் வேலையை அடியிலிருக்கும் ஸ்கீமா-சாலட் என்ற நிரலகம் செய்கிறது. இது தெரியாமல் முகவரியை வெட்டி ஒட்டச் சொந்த நிரல் எழுதுகிறவர்கள் ஏராளம். சேமிக்கும்போது அடிப்படை முகவரியைக் கொடுத்தால் பெயர்கள் தாமே குறுகிவிடும்.

கோப்பில் நீங்கள் எழுதிய குறிப்புரைகள் இந்தப் பயணத்தில் காணாமற்போகும். முக்கியமானதைக் குறிப்புரையாக எழுதாமல் ‘டாக்’ புலத்தில் எழுதுங்கள்.

பல்கலைக்கழகச் சர்வரில்

ஜொகூரில் இப்போது எங்கு திரும்பினாலும் தரவு மையப் பேச்சு. கூலாயில் ஒய்டிஎல், செடெனாக்கில் பிரின்ஸ்டன் டிஜிட்டல் குழுமம் என்று கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அதற்கும் உங்கள் மடிக்கணினிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாணவருக்குக் கிடைப்பது பல்கலைக்கழகத்தின் பொதுச் சர்வர். அங்கே டாக்கர் ஓட்ட அனுமதி பெரும்பாலும் இருக்காது, பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். டாக்கருக்குப் பதிலாக ‘சிங்குலாரிட்டி’ விருப்பத்தோடு சிடபிள்யூஎல்-டூலை ஓட்டுங்கள். கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். டாக்கர் படிமத்தை அது மாற்றிக்கொள்ளும். போட்மேன், யூடாக்கர் இரண்டுக்கும் இதேபோல் விருப்பங்கள் உண்டு.

கணிப்பு முனைகளுக்கு இணையத் தொடர்பு இல்லாத சர்வரும் உண்டு. அங்கே படிமத்தை ஓடும் நேரத்தில் இறக்க முடியாது. சிடபிள்யூஎல்-யூடில்ஸோடு வரும் ‘சிடபிள்யூஎல்-டாக்கர்-எக்ஸ்ட்ராக்ட்’ என்ற கட்டளை, பணிப்பாய்வு முழுவதையும் துழாவித் தேவையான படிமங்களை முன்கூட்டியே ஒரு கோப்புறையில் இறக்கித் தரும். பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. பல கணினிகளுக்கு வேலையைப் பங்கிடும் ஸ்லர்ம் வரிசையில் வேலையைப் போட வேண்டுமானால் டாயிலுக்கு மாறுங்கள். சிடபிள்யூஎல்-டூல் ஒரு கணினிக்கானது.

பங்களிப்பு

இத்தனை தூரம் வந்தவர் பங்களிக்கத் தகுதி பெற்றுவிட்டார். திறமூலத் திட்டம் என்றதும் பெரிய நிரலாளர்தான் சேர முடியும் என்று நம் பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். என் கருத்து வேறு: இந்த நிரலகங்களுக்குப் புது நிரலைவிட, தெளிவாகச் சொல்லப்பட்ட வழுதான் அதிகம் தேவை. வழுவைத் திருத்த ஆள் கிடைப்பார்கள். அதைத் துல்லியமாகப் பிடித்துத் தரும் பயனர் அரிது.

பிழை வந்ததும் ஓடிப்போய் கிட்ஹப்பில் இஷ்யூ திறக்காதீர்கள். முதலில் அது எந்த வீட்டுப் பிழை என்று பாருங்கள். கோப்பை ஓட்டும்போது மட்டும் வந்தால் சிடபிள்யூஎல்-டூல். படிக்கும்போதோ சேமிக்கும்போதோ வந்தால் சிடபிள்யூஎல்-யூடில்ஸ், அல்லது அதற்கடியில் ஸ்கீமா-சாலட். பிடபிள்யூஏவே அழுதால் இவர்கள் யாரும் பொறுப்பல்ல. அதே கோப்பை டாயிலிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஓட்டிகளும் வேறு வேறு விடை தந்தால் உங்கள் கையில் இருப்பது மதிப்புள்ள பொருள்: தரநிலையின் வாசகத்தை யாரோ தவறாகப் புரிந்திருக்கிறார்கள், அல்லது வாசகமே இரண்டு பொருள் தருகிறது.

அடுத்தது கோப்பைச் சுருக்குவது. பணிப்பாய்வில் ஒரு படியை நீக்குங்கள். பிழை இன்னும் வருகிறதா? இன்னொன்றை நீக்குங்கள். கடைசியில் ‘எக்கோ’ கட்டளையும் ஓர் உள்ளீடும் மட்டும் மிஞ்சி, அப்போதும் பிழை வந்தால் அதுதான் அனுப்ப வேண்டிய கோப்பு. சுருக்கும்போதே பாதிப் பேருக்குத் தம் தவறு தெரிந்துவிடும், அதுவும் லாபம்தான். இஷ்யூவில் அந்தக் கோப்பு, நீங்கள் கொடுத்த கட்டளை, எதிர்பார்த்தது, நடந்தது, பதிப்பெண், ‘டீபக்’ விருப்பத்தோடு வந்த முழு வெளியீடு ஆகியவை இருந்தால் போதும். திரைப்பிடிப்புப் படம் வேண்டாம்; எழுத்தாக ஒட்டுங்கள். ஆங்கில நடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தத் திட்டங்களில் எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல.

ஒன்றில் மட்டும் கவனம். தோட்ட நிறுவனம் தந்த கன்றுகளின் தரவு உங்களுடையதல்ல. அதன் ஒரு வரியையும் பொதுவெளியில் போடக் கூடாது. கோப்புப் பெயரில் இருக்கும் ரகக் குறியீடுகூட நிறுவன ரகசியமாக இருக்கலாம். முன்னே வெட்டி வைத்த பொதுக் களஞ்சியத் துண்டு இங்கே கைகொடுக்கும். மலேசியாவில் உயிரியல் வளங்களை அணுகுவதையும் பயன் பகிர்வதையும் 2017ஆம் ஆண்டின் 795ஆம் சட்டம் முறைப்படுத்துகிறது. உங்கள் மாதிரிகள் அதற்குள் வருமா என்று மேற்பார்வையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தில் இருப்பவராக இருந்தால் எழுதும் நிரலின் உரிமை யாருக்கு என்பதையும் கேளுங்கள். இந்த நிரலகங்கள் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகின்றன. நீங்கள் தருவதும் அதே உரிமத்தில்தான் போய்ச்சேரும்.

இனி நிரலைத் திருத்தித் தர விரும்புகிறவருக்கு. கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து, உங்கள் கணினிக்கு இறக்கி, புதுக் கிளை ஒன்றில் வேலை செய்யுங்கள். முதலில் சோதனையை எழுதுங்கள்: நீங்கள் சுருக்கி வைத்த அந்தச் சிறு கோப்பைச் சோதனைக் கோப்புறையில் போட்டு, அது தோற்பதைப் பார்த்துவிட்டு, பிறகு திருத்தத்துக்குப் போங்கள். ‘மேக் டெஸ்ட்’ எல்லாச் சோதனைகளையும் ஓட்டும். டாக்கர் இல்லாத கணினியில் அது தேவைப்படும் சோதனைகள் தாமே விலகிக்கொள்ளும். ‘மேக் கிளீனப்’ நிரலின் தோற்றத்தைத் திட்டத்தின் வழக்கத்துக்கு மாற்றும். மைபை என்ற வகைச் சரிபார்ப்பான் கறாரானது. செயற்கூறுகளில் வகைக் குறிப்பு இல்லாவிட்டால் விடாது.

சிடபிள்யூஎல்-யூடில்ஸில் புதியவர் விழும் ஒரு குழி உண்டு. 1.0, 1.1, 1.2 பதிப்புகளுக்கான பாகுபடுத்திக் கோப்புகள் மிகப் பெரியவை. உள்ளே ஒரு வழுவைக் கண்டதும் அங்கேயே திருத்தத் தோன்றும். அவை எந்த மனிதரும் எழுதியவை அல்ல; தரநிலையின் வரையறையிலிருந்து ஸ்கீமா-சாலட் பெற்றெடுத்தவை. அடுத்த முறை உருவாக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். திருத்த வேண்டிய இடம் ஸ்கீமா-சாலட்டின் பைத்தான் ஆக்கி. அதே நிரலகம் ஜாவா, டைப்ஸ்கிரிப்ட், சி++ மொழிகளுக்கும் பாகுபடுத்திகளைப் பெற்றெடுக்கிறது. நீங்கள் பைத்தான்காரராக இல்லாவிட்டாலும் அங்கே வேலை இருக்கிறது.

இரண்டு ஓட்டிகள் முரண்பட்ட கதைக்கு வருவோம். 1.2 தரநிலையின் களஞ்சியத்தில் ஒத்திசைவுச் சோதனைகள் என்ற தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டியும் அதைக் கடந்தாக வேண்டும். உங்கள் எக்கோ கோப்பு அங்கே ஒரு சோதனையாகச் சேர்ந்துவிட்டால், அதன்பின் எழுதப்படும் ஒவ்வொரு ஓட்டியும் அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். பெரிய நிரல் எழுதிக் கிடைக்கும் பெயரைவிட இது நீண்டநாள் நிற்கும் வேலை. ஆனால் இதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

உங்கள் திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரெக்வெஸ்ட் அனுப்பியதும் தானியங்கிச் சோதனை உடனே ஓடாமல் நின்றால் பதற வேண்டாம். முதல்முறை அனுப்புகிறவருக்குப் பராமரிப்பாளர் ஒருவர் ஒப்புதல் தந்தால்தான் ஓடும்படி கிட்ஹப் வைத்திருக்கிறது. நேர வேறுபாட்டையும் கணக்கில் வையுங்கள். பராமரிப்பாளர் பெர்லினில் இருப்பவரானால், அங்கே நேரம் நமக்குக் கோடையில் 6 மணி நேரம், குளிர்காலத்தில் 7 மணி நேரம் பின்னால். மாலை ஐந்து மணிக்கு அனுப்பினால் அங்கே காலை அலுவல் தொடங்கியிருக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருப்பவர் விழிக்க இரவாகும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். தினமும் தட்டக் கூடாது. மறுமொழியில் பத்துக் குறை சொல்லியிருந்தால் அது ஏச்சல்ல. உங்கள் வேலையை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார். குறை சொன்ன ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். ஒரு புல் ரெக்வெஸ்டில் ஒரே திருத்தம். ‘போகிற போக்கில் இதையும் மாற்றினேன்’ என்று இன்னும் நான்கைச் சேர்த்தால் ஐந்தும் சேர்ந்து தூங்கும்.

உயிரியலே வேண்டாம், தமிழில் எதையாவது செய்து பழக வேண்டும் என்கிறவருக்கு ஓப்பன்-தமிழ் இருக்கிறது. முத்தையா அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய பைத்தான் நிரலகம், எம்ஐடி உரிமம். தமிழ்ச் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது போன்ற அடிப்படை வேலைகளைச் செய்கிறது. ஃபோர்க், கிளை, சோதனை, புல் ரெக்வெஸ்ட் என்ற அதே நடைமுறைதான். பயனர் தாய்மொழிக்காரர் என்பதால் தவறு சட்டென்று கண்ணில் படும். அங்கே பழகிவிட்டு இங்கே வருவதிலும் தவறில்லை.

நிரலே எழுத வராதவருக்கும் வாசல் திறந்திருக்கிறது. சிடபிள்யூஎல்லின் பயனர் வழிகாட்டி தனிக் களஞ்சியமாக இருக்கிறது, அதையும் எவரும் திருத்தி அனுப்பலாம். செகண்டரி ஃபைல்ஸ் பகுதியில் தொடங்கி இந்த வாரம் அதைப் படியுங்கள். எந்த வாக்கியம் உங்களை இரண்டாம்முறை படிக்க வைத்ததோ அதைக் குறித்துக்கொண்டு, எப்படி இருந்தால் முதல்முறையே புரிந்திருக்கும் என்று எழுதி அனுப்புங்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, யாருடைய பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை.